தந்தியைத் திருத்திய துரை

அடிலெய்டுக்கு வடக்கே, செம்மண் காட்டு ஊரான டரபின்னாவில் ஹோரஸ் பிம்ப்லெட் இருபத்திரண்டு வருஷம் தந்தி எழுதினார். இத்தனை வருஷத்தில் யாரோடும் கைகலந்ததில்லை, குடித்துவிட்டுத் தெருவில் விழுந்ததில்லை, குதிரைப் பந்தயம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அந்த ஊரில் இந்த மூன்றும் இல்லாத ஆம்பிளையை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஹோரஸுக்கும் ஒரு பகை இருந்தது. ஒரே ஒரு வினைச்சொல்லோடு பகை. அந்தச் சொல் இங்கிலீஷ் ‘கெட்’.

அங்கே இருக்கிற ஜனங்கள் இந்த ஒரு வினையை வைத்துக்கொண்டே பிறந்து வளர்ந்து செத்தும் போய்விடுவார்கள். காலையில் எழுந்தால் கெட். குதிரையில் ஏறினால் கெட், இறங்கினாலும் கெட். கடையில் மாவு வாங்குவது, சளி பிடிப்பது, மாட்டைப் பட்டிக்குள் விரட்டுவது, சொன்னது விளங்குவது, வயசாவது, இருட்டுவது, போதை ஏறுவது எல்லாம் கெட். ஒருத்தனைப் போய்த் தொலை என்று திட்டவும் அதே. தமிழில் பேசிப் பழகியவனுக்கு இது கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தெரியும், வாஸ்தவம். ஆனால் அவர்களுக்கு அது சௌகரியம். நூற்றுப் பத்து டிகிரி வெயிலில், ஈ வாய்க்குள் போகாமல் பேச வேண்டிய இடத்தில், சின்னச் சொல்லாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஹோரஸுக்கு நஷ்டம். அடிலெய்டில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் அவர். வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதி இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை எழுத வெட்கப்பட்டு, நுரையீரலுக்கு வறண்ட காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு வடக்கே ரயிலேறினார். தோற்றுப்போன வாத்தியாரைப் போலக் கொடுமையான வாத்தியார் உலகத்தில் கிடையாது. அவருக்கு வகுப்பறை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக இங்கிலாந்து அளவுக்குப் பரந்து கிடக்கிற ஒரு செம்மண் காடும், அதில் நாற்பத்து மூன்று பண்ணைகளும், பண்ணைக்காரர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற வேலையும் கிடைத்தன.

பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே ஐம்பது மைல், சிலதற்கு நூறு. தபால் லாரி பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஆகவே ஒவ்வொரு பண்ணைச் சமையலறையிலும் ஒரு வானொலிப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் பேசலாம், ‘ஓவர்’ என்று சொல்லி முடித்து விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே வர முடியாது, ஆனால் எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். காலையில் டாக்டர் நேரம். அது முடிந்ததும் தந்தி நேரம்: பண்ணைக்காரர்கள் சொல்வார்கள், டரபின்னா நிலையத்தில் உட்கார்ந்து ஹோரஸ் எழுதி, தட்டச்சு அடித்து, பக்கத்துத் தபாலாபீசில் கொடுப்பார். மத்தியானம் மூன்று மணிக்கு வந்த தந்திகளை அவர் படிப்பார். அதற்கப்புறம் பெண்கள் ஒருவரோடொருவர் அரட்டை அடிக்கிற நேரம். அதற்கு அந்தப் பக்கத்தில் கிளிக்கூட்டம் என்று பேர். யார் வீட்டில் யாருக்கு மூலம், யாருக்கு எத்தனாவது மாசம், எல்லாம் நாற்பத்து மூன்று சமையலறைக்கும் தெரியும். யாரும் தெரியாத மாதிரி நடிக்கவும் மாட்டார்கள்.

தெரியாதது ஒன்றே ஒன்று. சொன்ன தந்தியை ஹோரஸ் திருத்தினார்.

முதல் வருஷம் பயந்து பயந்து ஒரு கெட்டை எடுத்துவிட்டு ‘பெற்றுக்கொள்க’ என்று போட்டார். வானம் இடிந்து விழவில்லை. அதற்கப்புறம் கை துணிந்துவிட்டது. பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு இவர்கள் கொடுக்கிற அர்த்தங்களை எண் போட்டு எழுத ஆரம்பித்தார். எதிர்ப்பக்கத்தில் அதற்கு உரிய கௌரவமான சொல். பதின்மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அர்த்தம் சேர்ந்துவிட்டது. சொல் கூடிப்போனால் அதற்கான காசைத் தன் பையிலிருந்தே போட்டுவிடுவார். அதைத் தர்மம் என்று நினைத்துக்கொண்டார், பாவம். தந்தி வாங்குகிறவர்களும் சந்தேகப்படவில்லை. அரசாங்கத் தாளில் வருகிறது, அரசாங்கம் அப்படித்தான் பேசும்போல என்று விட்டுவிட்டார்கள்.

ஊரார் அவரைத் துரை என்றார்கள். கழுத்தில் வில் மாதிரி டை, மதியம் அவித்த முட்டை ஒன்று, டப்பாப் பால் ஊற்றிய டீ, தட்டுக்குக் கீழே வெள்ளைத் துணி. துரை என்று கூப்பிட்டால் அவர் முகம் மலரும். கேலி பண்ணுகிறார்கள் என்பது இருபத்திரண்டு வருஷத்திலும் அவருக்கு உறைக்கவே இல்லை.

லெஸ் ஹார்கன் மூலவாரா பண்ணையில் மேற்பார்வை வேலை பார்த்தான். வயசு நாற்பத்தொன்று. ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால் முதலில் தொப்பியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் பேசுவான். அந்தப் பண்ணையில் எய்லின் டட்ஃபீல்டு என்ற பெண் இரண்டு வருஷம் சமையல் வேலை பார்த்தாள். அந்த இரண்டு வருஷமும் லெஸ் தினம் காலையில் அவளுக்கு விறகு பிளந்து போட்டான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போகும்போது ரயிலடியில், “இருக்க ஒரு வீடுன்னு இருந்தா ஒரு வார்த்த போடு” என்றாள். அவன் தலையாட்டினான். அவள் அடிலெய்டுக்குப் போய் பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவன் வீடு கட்ட ஆரம்பித்தான். தனி ஆளாக, வேலை முடிந்த நேரத்தில், பதினாலு மாசம் கட்டினான். நாற்பத்து மூன்று சமையலறையும் அந்தச் சுவர் ஏறுவதைக் காது வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை காலையில் தந்தி நேரத்தில் மூலவாராவிலிருந்து குரல் வந்தது.

“துரை, லெஸ் பேசறேன். எய்லினுக்கு ஒரு தந்தி. எழுதிக்கறீங்களா? ஓவர்.”

“சொல்லலாம், திரு. ஹார்கன். ஓவர்.”

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். தொப்பி கழன்று மறுபடி ஏறுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. உனக்குப் புது அடுப்பு வாங்கிட்டேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாம். வியாழக்கிழமை வர்ற ரயிலப் பிடிச்சு வந்துரு. லெஸ். அவ்வளவுதான். ஓவர்.”

கூரை போட்டதற்குக் கெட், அடுப்பு வாங்கியதற்குக் கெட், கல்யாணத்துக்குக் கெட், ரயிலுக்கும் கெட். நாலு வாக்கியம், நாலு கெட். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனில் கண்ணைத் துடைத்தார்கள். எட்டுமைல் கிணறு பண்ணையின் மேவிஸ் ப்ராஸ் என்கிற குண்டு மேவிஸ், பதினாறு பேருக்குச் சமைக்கிறவள், உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தே விட்டாள். பதினாலு மாசம் ஒரு மனுஷன் கல்லும் மண்ணும் சுமந்து சம்பாதித்த நாலு வாக்கியம். அதைவிட நல்ல தந்தியை நான் கேட்டதில்லை.

ஹோரஸுக்கு அது நாலு அழுக்குக் கறை. பெண் கேட்கிற விஷயத்தில் கூடவா இந்த வார்த்தை! சாதாரண நாளில் கெட்டை மட்டும் கழற்றுவார். அன்றைக்கு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் காட்டானுக்காகத் தன் திறமையையெல்லாம் இறக்குவது என்று தீர்மானித்தார். தான் ஒரு பெண்ணிடமும் கேட்டறியாத ஒன்றை, இன்னொருவன் பேரில் கேட்டுப் பார்க்கிற ஆசையும் அதில் இருந்திருக்கும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இப்படி அடித்தார்:

‘மதிப்பிற்குரிய செல்வி டட்ஃபீல்டு அவர்களுக்கு. இல்லத்தின் மேற்கூரைப் பணி இனிதே நிறைவுற்றது. உயர்தர அடுப்பொன்றும் கொள்முதல் செய்யப்பட்டுள்ளது. தங்களுடன் திருமண பந்தத்தில் பிரவேசிக்க விழைகிறேன். வியாழனன்று வந்தடையும் ரயிலில் ஆரோகணித்து எழுந்தருள்க. தங்கள் பணிவுள்ள லெஸ்லி ஹார்கன்.’

படித்துப் பார்த்துத் தானே தலையை ஆட்டிக்கொண்டார். கொண்டுபோய்த் தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்து முட்டையை உரித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதில் வந்தது. பிரித்தவுடனே ஹோரஸுக்கு வேர்த்தது. வெயிலினால் வந்த வேர்வை வேறு, இது வேறு.

‘இது யார் எழுதினது? லெஸ் இப்படிப் பேசவே மாட்டான். எவனாவது அவனையும் என்னையும் வச்சு விளையாடினா அவன் நாசமாப் போகட்டும். லெஸ்தான்னா, கேக்கறத அவன் வாயால கேக்கட்டும். வியாழக்கிழமை வர்றேன். ஸ்டேஷனுக்கு வா. எய்லின்.’

இதை அப்படியே மூன்று மணிக்குப் படித்தால் என்ன ஆகும் என்று ஹோரஸ் யோசித்தார். லெஸ் சொன்ன தந்தியை நாற்பத்து மூன்று வீடும் கேட்டிருக்கிறது. ‘இப்படிப் பேசவே மாட்டான்’ என்றால், எப்படிப் பேசினான் என்று வீட்டுக்கு வீடு கேட்கும். தந்தியை மாற்றுவது சட்டப்படி குற்றம். வேலை போகும், ஓய்வூதியம் போகும். அடிலெய்டில் அக்கா வீட்டுப் பின்னறையில் போய் உட்கார வேண்டும்.

யோக்கியன் என்றால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். சாதாரணக் கோழை என்றால் தந்தியை நாலு நாள் மேஜை இழுப்பறையில் மறைத்து வைத்திருப்பான். ஹோரஸ் பென்சிலை எடுத்தார். இப்படி வாய்க்கொழுப்புப் பிடித்த ஒரு பெண்பிள்ளை லெஸ்ஸுக்கு ஏற்றவளா, தான் செய்வது அந்த மனுஷனுக்கு உபகாரம்தானே என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். கோபத்தில் எழுதுகிற பெண்கள் வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள் என்றும் நினைத்தார். பெண்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்! மூன்று மணிக்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“மூலவாரா, திரு. ஹார்கனுக்குத் தந்தி. ‘தங்கள் விண்ணப்பம் கிடைக்கப் பெற்றேன். பரிசீலித்ததில் ஏற்கும் நிலையில் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். எய்லின் டட்ஃபீல்டு.’ முற்றும். ஓவர்.”

இரைச்சல். நாற்பத்து மூன்று பெட்டிகள் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தன.

“கெட் ஆச்சு, துரை” என்றான் லெஸ் கடைசியில். வந்து சேர்ந்தது, விளங்கியது, இரண்டுக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். “ஓவர்.”

அந்த நிமிஷத்தில் ஹோரஸ் என்ன செய்தார் தெரியுமா? சொன்னால் வயிறு எரிகிறது. பச்சை நோட்டைப் புரட்டி, இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு, ‘அடியை ஏற்றுக்கொண்டதைக் குறிப்பது, காண்க, விளங்குதல்’ என்று எழுதினார். ஒரு மனுஷன் நெஞ்சு உடைந்து நிற்கிற சத்தத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு புது அர்த்தம்.

அன்றைக்குக் கிளிக்கூட்டம் கூடவில்லை. அந்தப் பக்கத்துச் சரித்திரத்தில் பெண்கள் பேசாமல் இருந்த ஒரே மத்தியானம் அது. கடைசியில் மேவிஸ்தான் பொத்தானை அழுத்தினாள்.

“லெஸ்ஸு, கண்ணு, ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்குச் சாப்பிட வா. ஆட்டுத் தொடை வறுக்கறேன். தனியாக் கெடந்து குமையாத. ஓவர்.”

“வேண்டாம் மேவிஸ். இங்க ஒரு அடுப்பு இருக்கு. புதுசு. கட்டுக்கூடப் பிரிக்கல. யாருக்காச்சும் வேணும்னா வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். காசு ஒண்ணும் வேணாம். எனக்கு அதக் கண்ணால பாக்க முடியல. ஓவர்.”

மறுநாளே மேவிஸின் புருஷன் லாரி எடுத்துக்கொண்டு போய் அடுப்பை ஏற்றி வந்தான். அவனுக்குப் பழைய அடுப்பே போதும். அது லெஸ் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று மேவிஸ் விரட்டி அனுப்பியிருந்தாள்.

வியாழக்கிழமை ரயில் வழக்கம்போல மூன்று மணி நேரம் தாமதமாக, காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. எய்லின் ஒரு பெட்டியும், தகர டப்பாவில் ஒரு பழக் கேக்கும் கொண்டு இறங்கினாள். நடைமேடையில் இரண்டு ஆடும் ஒரு நாயும் தவிர வேறு யாரும் இல்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உயரமான கம்பத்தைப் பார்த்து வானொலி நிலையத்துக்கு நடந்தாள்.

ஹோரஸ் தந்தி நேரத்தின் நடுவில் இருந்தார். கதவு திறந்தது. செம்மண் படிந்த செருப்பு, வேர்த்த முகம், கையில் கேக் டப்பா. யார் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில், நிலையத்துப் பெட்டியில் பொத்தானுக்குப் பதிலாக இருக்கிற விசையைப் பேசுகிற பக்கத்திலிருந்து கேட்கிற பக்கம் திருப்ப மறந்துவிட்டார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. பெட்டியை அப்படி விட்டுவிட்டு யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

“நான் எய்லின். லெஸ் வரலையா?”

“திரு. ஹார்கன்... அவர்... இல்லை.”

“உடம்புக்கு ஏதாச்சுமா?”

“அப்படி ஒன்றும் இல்லை.”

“அப்ப நான் அனுப்பின தந்தி அவனுக்குப் போச்சா இல்லையா?”

“அதன் சாரம் தெரிவிக்கப்பட்டது, அம்மணி.”

எய்லின் பெட்டியைக் கீழே வைத்தாள். “சாரமா? தந்திக்கு ஏதுய்யா சாரம்? ஆட்டெலும்பா அது, கொதிக்க வச்சுச் சாரம் எடுக்க?”

“தாங்கள் உபயோகித்த சில சொற்கள் ஒலிபரப்புக்குத் தகுதியானவை அல்ல. ஆகையால் சற்றுத் திருத்தி...”

“திருத்தி?” அவள் இரண்டு நொடி அவரை உற்றுப் பார்த்தாள். டையைப் பார்த்தாள். முட்டைக்கு விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். “ஆரோகணித்து எழுந்தருள்க. அது நீதானா?”

“அவருடைய வாசகத்தில் ஒரே சொல் நாலு முறை வந்தது, அம்மணி. பெண் கேட்கிற இடத்தில் அது நாகரிகமாக இல்லை. நான் அவருக்கு நல்லதுதான் செய்தேன்.”

“நல்லது! ரெண்டு நாள் நான் ரயில்ல அழுதுக்கிட்டே வந்தேன், எவனோ எங்களக் கூத்தடிக்கறான்னு. என் தந்தியில என்னத்தத் திருத்தின? என்ன படிச்ச அவனுக்கு?”

அவள் மேஜையைச் சுற்றி வந்தாள். அவர் பின்வாங்கினார்.

“ஏற்கும் நிலையில் இல்லை என்று...” என்றார் முனகலாக.

நாற்பத்து மூன்று சமையலறையிலும் அந்த முனகல் அட்சரம் பிசகாமல் கேட்டது. விசை பேசுகிற பக்கம் இருந்ததால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. மேவிஸ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஹோரஸ் உட்கார்ந்திருக்கிற மாதிரி, அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாத வசவுகளையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி பாட்டுக்கு அடிலெய்டுப் பெண்ணின் குரலைத் தந்துகொண்டிருந்தது.

எய்லின் மூலவாராச் சமையலறையில் இரண்டு வருஷம் இருந்தவள். விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுகொண்டாள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்பதும் விளங்கியது. ஹோரஸின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மூலவாரா, மூலவாரா. லெஸ், இருக்கியா? ஓவர்.”

“இருக்கேன்.” ஓவர் சொல்ல மறந்துவிட்டான்.

“நான் வேண்டாம்னு சொல்லல. எல்லாம் இந்த ஆளு வேல. நீ என்ன சொல்ல வந்தியோ அத இப்பச் சொல்லு. ஓவர்.”

“எல்லாரும் கேக்கறாங்களே, எய்லின். ஓவர்.”

“கேக்கட்டும். திங்கக்கெழமையும் கேட்டாங்க. எனக்கு மட்டுந்தான் கேக்கல. ஓவர்.”

தொப்பி கழன்றது, ஏறியது.

“வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. அடுப்பு... அடுப்ப குடுத்துட்டேன், எய்லின். நீ வரலேன்னதும் குடுத்துட்டேன். கல்யாணம் பண்ணிக்கலாமா? ஓவர்.”

அவள் பதில் சொல்லுமுன் மேவிஸ் பாய்ந்துவிட்டாள். “அடுப்பு எங்கிட்டதான்டி இருக்கு, கண்ணு! இன்னிக்கே கொண்டாந்து எறக்கிர்றோம். நீ சரின்னு சொல்லித் தொல! ஓவர்.”

“சரி” என்றாள் எய்லின். “வந்து கூட்டிக்கிட்டுப் போ. ஓவர்.”

நூற்று நாற்பது மைல். லெஸ் வர மாலையாகும். எய்லின் எழுந்திருக்கவில்லை. ஹோரஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரோரமாக, தன் அறையில் தனக்கே உட்கார இடமில்லாமல் நின்றிருந்தார்.

“என் தங்கச்சிக்கு ஒரு தந்தி அனுப்பணும். எழுதிக்க. ‘கல்யாணம் பண்ணிக்கப் போறேன். என் போர்வையெல்லாம் எடுத்து அனுப்பு. எய்லின்.’”

இங்கேயும் இரண்டு இடத்திலும் கெட். ஹோரஸ் எழுதினார். எழுதி முடித்ததும் அவள், “படிச்சுக் காட்டு” என்றாள்.

அவர் படிக்கவில்லை. அவள் எட்டித் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். ‘திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. போர்வைகளைச் சேகரித்து அனுப்புக.’ இத்தனை நடந்த பிறகும், மானம் கப்பலேறி நாற்பத்து மூன்று துறைமுகமும் பார்த்த பிறகும், அந்தக் கை அதையேதான் எழுதியிருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் எய்லினுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைவிட அவள் அவரை அறைந்திருக்கலாம்.

மறுபடி விசையைத் திருப்பினாள். நடந்ததைச் சொன்னாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். தபால் இலாகாவுக்கு எழுதிப் போட்டு ஆளை ஒழித்துக்கட்ட வேண்டும் என்றார்கள். பத்து வருஷத்துத் தந்திகளை நினைத்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். மாமியார் தன்னை ஏன் கர்வக்காரி என்கிறாள் என்று ஒருத்திக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“எழுதிப் போடாதீங்க” என்றாள் மேவிஸ். “இந்த ஆள அனுப்பிட்டா வேற ஆளு வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாரு தந்தி அனுப்பறது? துரை இருக்கட்டும். ஆனா இனிமே எழுதினத ஒவ்வொண்ணும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சுக் காட்டணும். சரின்னு நாம சொன்னாதான் அனுப்பணும். என்ன துரை? ஓவர்.”

ஹோரஸ் குனிந்து விசையைத் திருப்பினார். “சரி” என்றார்.

மறுநாள் காலை முதல் தந்தி மேவிஸுடையது. ராத்திரி முழுக்க யோசித்துத் தயார் பண்ணியிருப்பாள்போல. பன்றி வாங்கியது, புருஷனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கிணற்றுப் பம்பு பழுதானது, மூத்தவன் குடித்துவிட்டு உருண்டது, எல்லாவற்றையும் ஒரே தந்தியில் அடைத்து, ஒன்பது கெட் போட்டிருந்தாள். “படிச்சுக் காட்டுங்க, துரை. ஓவர்.” அவர் படித்தார். ஒவ்வொரு கெட் வரும்போதும் மீன் முள் சிக்கியவர் மாதிரி குரல் நின்று போயிற்று. பண்ணைகளில் ஆண்கள் வேலைக்குப் போகாமல் தொப்பியோடு நின்று கேட்டார்கள். சிலர் குழந்தைகளைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்கள்.

வேடிக்கை ஒரு மாதத்தில் தீர்ந்துபோயிற்று. வழக்கம் தீரவில்லை. மழை வந்த வருஷமும் வராத வருஷமும், சாவுச் செய்தியும் பிறப்புச் செய்தியும், குதிரை லாடம் கேட்டு அனுப்பியதும், எல்லாவற்றையும் அவர் தன் வாயால் திருப்பிச் சொன்னார். ஒன்பது வருஷம். யாரும் அவரைத் திட்டவில்லை. ஆளை அடையாளம் தெரிந்துகொண்ட பிறகு திட்டுவது வீண் வேலை என்று விட்டுவிட்டார்கள். துரை என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை, ஆனால் அதில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

ஓய்வு பெறுகிற நாளன்று ஹோரஸ் ஒரு பிரிவுரை எழுதிவைத்திருந்தார். இரண்டு பக்கம். அதில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. மூன்று மணித் தந்திகள் முடிந்ததும் படிக்கலாம் என்று தாள்களை முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டார். அவை முடிகிற நேரத்தில், காலையில் விட்டுப்போன கடைசித் தந்தி ஒன்று மூலவாராவிலிருந்து வந்தது. எய்லினின் தங்கைக்கு.

“மூணாவதும் பொண்ணுதான் கெட் ஆகியிருக்கு. எய்லின் நல்லா இருக்கா. லெஸ். படிச்சுக் காட்டுங்க. ஓவர்.”

ஹோரஸ் எழுதினார். விசையைத் திருப்பினார். “மூணாவதும் பொண்ணுதான் கெட் ஆகியிருக்கு. எய்லின் நல்லா இருக்கா. லெஸ்.” ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, மறு கையால் பிரிவுரைத் தாளை நிமிர்த்திக்கொண்டார். “ஓவர்.”

“சரியா எழுதியிருக்கீங்க” என்றான் லெஸ். “அனுப்பிட்டு நீங்க போகலாம்.”

அதற்குள் கிளிக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று மேவிஸ் பேச ஆரம்பித்துவிட்டாள். யாரும் குறுக்கே வர முடியாதபடி அவள் விரல் பொத்தானிலேயே இருந்தது.